உஷார்! அந்தக் கரப்பானைப் பிடித்துப் போடாதீர்கள்

நில்லுங்கள். கையில் இருக்கும் டப்பாவைத் திறக்காதீர்கள்.

குளியலறை மூலையில் பிடித்த கரப்பான்தானே அதற்குள் இருக்கிறது? நீங்கள் வளர்க்கும் டரான்டுலா சிலந்திக்கு இன்றைய ராத்திரிச் சாப்பாடு ஆயிற்று, தீனி வாங்கும் காசும் மிச்சம் என்று நினைத்திருப்பீர்கள். அந்த ஒரு கரப்பான் போதும். இருபது வருஷத்துக்கு மேல் உங்களோடு இருக்க வேண்டிய ஜீவன் இரண்டே நாளில் போய்விடும்.

பயமுறுத்துவதற்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

சென்னைப் புறநகரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. கல்லூரியில் படிக்கும் பையன். பெயர் வேண்டாம், ஏற்கெனவே நொந்துபோயிருக்கிறான். முழங்கால்களில் ஆரஞ்சுப் பட்டை போட்ட மெக்சிகோ நாட்டு 'ரெட் நீ' வகைப் பெண் சிலந்தி ஒன்றை, சுண்டுவிரல் நகம் அளவுக் குட்டியாக இருந்ததிலிருந்து வளர்த்து வந்தான். அதற்குத் தீனி கூரியரில் வரும் கிரிக்கெட் பூச்சிகள்தான். நாம் சுவர்க்கோழி என்போமே, அதேதான். மழைக்காலத்தில் ஒரு தடவை பார்சல் வரவில்லை. சிலந்தி சாப்பிட்டுப் பத்து நாளாகிவிட்டதே என்று பையனுக்கு ஒரே தவிப்பு. ராத்திரி குளியலறை விளக்கைப் போட்டால் தரையில் ஒரு கரப்பான். துரத்தவே வேண்டியிருக்கவில்லை. டம்ளரைக் கவிழ்த்தான், மாட்டிக்கொண்டது. கொண்டுபோய்ப் பெட்டிக்குள் விட்டான். சிலந்தி ஒரே பாய்ச்சலில் பிடித்தது. பையன் நிம்மதியாகத் தூங்கப் போனான்.

மறுநாள் மத்தியானம் பார்த்தால் சிலந்தி நடக்கவில்லை, தள்ளாடுகிறது. கால்கள் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் இழுக்கின்றன. எழுந்து நிற்கப் பார்க்கிறது, சரிகிறது. தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் ஏறிப் புரள்கிறது. அதற்கடுத்த நாள் எட்டுக் கால்களும் உடம்புக்கு அடியில் சுருண்டுவிட்டன. அவ்வளவுதான்.

பிறகு விசாரித்ததில்தான் தெரிந்தது, கீழ்வீட்டில் முந்தின வாரம் ஆள் கூப்பிட்டுக் கரப்பான் மருந்து வைத்திருக்கிறார்கள்.

அந்தக் கரப்பான் ஏன் ஓடவில்லை என்று அவன் ஒரு நிமிஷம் யோசிக்கவில்லை!

நம் வீட்டுக் கரப்பான் என்ன, லேசில் பிடிபடுகிற ஜாதியா? விளக்கைப் போட்ட நொடியில் மறைந்துவிடும். அது அசமந்தமாக நடு அறையில் நின்றால், மீசையை ஆட்டாமல் கிடந்தால், அதன் உடம்பில் விஷம் ஏறியிருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். சுலபமாகக் கிடைத்த தீனிதான் மோசமான தீனி.

இப்போது அலமாரி மூலைகளில் ஊசியால் பொட்டுப் பொட்டாக வைக்கிறார்களே, அந்த ஜெல் மருந்தைப் பற்றிக் கொஞ்சம் விவரமாகத் தெரிந்துகொள்ளுங்கள். அதன் சூட்சுமமே, தின்ற கரப்பான் உடனே சாகாமல் இருப்பதுதான். அது தன் கூட்டத்துக்குத் திரும்பிப் போக வேண்டும். அங்கே அதன் எச்சத்தையும் பிணத்தையும் தின்கிற மற்றக் கரப்பான்களும் சாக வேண்டும். அதற்காகவே ஃபிப்ரோனில், இமிடாகுளோப்ரிட் மாதிரியான நரம்பு விஷங்களை இனிப்பில் குழைத்து வைக்கிறார்கள். செத்த கரப்பானைத் தின்ற கரப்பானே சாகும் என்றால், முழுக் கரப்பானையும் உறிஞ்சிக் குடிக்கிற சிலந்தி எப்படிப் பிழைக்கும்?

அம்மாக்களே, இது உங்களுக்கும்தான். பிள்ளை அறையில் சிலந்திப் பெட்டி இருக்கிறது என்று தெரிந்தும், 'பூச்சி மருந்து பூச்சிக்குத்தானே' என்று ஸ்பிரேயை எடுக்காதீர்கள். கரப்பான் ஸ்பிரே, எறும்புக்குக் கோடு போடும் சாக்பீஸ், கொசுவுக்குச் செருகிவைக்கும் லிக்விட் எல்லாவற்றிலும் பெரும்பாலும் இருப்பது பைரெத்ராய்டு வகை மருந்து. சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின், டிரான்ஸ்ஃப்ளூத்ரின் என்று பின்பக்கச் சீட்டில் பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். நமக்குத் தும்மல்கூட வராத அளவே எட்டுக்கால் ஜீவனின் நரம்பைக் குலைத்துவிடும். நேராகச் சிலந்தி மேல் அடிக்க வேண்டும் என்பதில்லை. கிரிக்கெட் டப்பாவை மருந்து அடித்த அலமாரியில் வைத்தாலே போதும், தீனி வழியாக உள்ளே போய்விடும்.

நாய் வளர்க்கும் வீடா? இன்னும் உஷார். உண்ணி போவதற்காக நாயின் முதுகில் விடும் சொட்டு மருந்திலும் இதே சங்கதிதான். நாயைத் தடவிய கையை சோப்புப் போட்டுக் கழுவாமல் தீனி டப்பாவைத் தொடவே கூடாது. கொசு விரட்டும் கிரீம் தடவிய கையும் அப்படியே.

வெளியே பிடிக்கும் பூச்சியும் வேண்டாம். மழை விட்ட சாயங்காலம் டியூப்லைட்டைச் சுற்றி ஈசல் கொட்டும். பார்த்ததும் ஆசை வரும், இலவச விருந்தாயிற்றே. ஊருக்குப் போனால் வரப்பில் கொழுகொழு என்று வெட்டுக்கிளி. அந்த வயலில் நேற்று என்ன தெளித்தார்கள் என்று உங்களுக்குத் தெரியுமா? தெருவில் கொசுப்புகை வண்டி எப்போது போனது என்று தெரியுமா? தெரியாதென்றால் விட்டுவிடுங்கள். விஷம் இல்லாவிட்டாலும் வயிற்றுக்குள் புழுவோ, வேறு ஒட்டுண்ணியோ இருக்கலாம். பூரான், கும்பிடுபூச்சி, குளவி, எறும்பு எல்லாம் தாங்களே வேட்டையாடும் ஜாதி. பெட்டிக்குள் விட்டால் யார் யாரைத் தின்பார்கள் என்று சொல்ல முடியாது. மின்மினியைத் தொடவே தொடாதீர்கள். அதன் உடம்பில் இயற்கையாகவே நஞ்சு உண்டு, அதைத் தின்ற வளர்ப்புப் பல்லிகள் செத்திருக்கின்றன.

சரி, கடையில் வாங்கிய கிரிக்கெட்தான் போடுகிறேன், எனக்கென்ன பயம் என்கிறீர்களா?

அதற்கு நீங்கள் என்ன தீனி போட்டீர்கள்?

கிரிக்கெட்டும் பட்டினி கிடக்கக் கூடாது என்று கறிவேப்பிலைக் கொத்தையும் கொத்தமல்லித் தண்டையும் உள்ளே போட்டுவிடுகிறார்கள். மார்க்கெட் கீரையில் எவ்வளவு மருந்து அடிக்கிறார்கள் என்பது ஊரறிந்த விஷயம். பூச்சி தின்றது சிலந்திக்குப் போகும். தோல் சீவிய கேரட், தோல் சீவிய உருளைக்கிழங்கு, கொஞ்சம் ஓட்ஸ் போதும். வாங்கி வந்த பூச்சியை உடனே போடாமல் ஒரு வாரமாவது தனி டப்பாவில் வைத்துப் பாருங்கள். காரணமே இல்லாமல் கொத்துக்கொத்தாகச் செத்தால் அந்த டப்பாவில் ஒன்றைக்கூடச் சிலந்திக்குக் கொடுக்காதீர்கள்.

கிரிக்கெட் கிடைக்காதவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. சென்னையில் கொளத்தூர் பக்கம் வண்ணமீன் கடைகளில் அரோவானா மீனுக்காக சூப்பர்வார்ம் என்ற புழு விற்பார்கள், மீல்வார்ம் புழுவும் கிடைக்கும். தீனிக்கென்றே பண்ணையில் வளர்க்கும் டூபியா கரப்பானும் உண்டு. அதற்கும் நம் சமையலறைக் கரப்பானுக்கும் சம்பந்தமில்லை. ஆனால் புழுவிலும் ஒரு வம்பு இருக்கிறது. மீல்வார்ம் கண் மூடித் திறப்பதற்குள் பெட்டியில் பரப்பிய தேங்காய் நார்த்தூளுக்குள் புதைந்துவிடும். சிலந்தி தின்றுவிட்டது என்று நீங்கள் நினைப்பீர்கள். அது அடியிலேயே கூட்டுப்புழுவாகி, வண்டாகி ஒருநாள் வெளியே வரும். சூப்பர்வார்முக்குத் தாடை பலம் அதிகம், கடித்தால் நம் விரலிலேயே சுருக்கென்று உறைக்கும். இடுக்கியால் தலையை நசுக்கிவிட்டுத்தான் உள்ளே போட வேண்டும். பாவமாகத்தான் இருக்கும். வேறு வழியில்லை.

இனி நான் சொல்லப்போவதைத் தயவுசெய்து நிதானமாகப் படியுங்கள். விஷத்துக்கு அடுத்தபடியாக நான் அஞ்சுவது இதற்குத்தான்.

டரான்டுலா வளர வளரச் சட்டை உரிக்கும். உரிப்பதற்கு முன் சாப்பாட்டை நிறுத்திவிடும். குட்டி என்றால் சில நாள், வளர்ந்தது என்றால் வாரக்கணக்கில், மாதக்கணக்கில்கூட. வயிறு பளபளவென்று இறுகும். முதுகில் முடி உதிர்ந்த இடம் கருத்துப்போகும். ஒரு மூலையில் மந்தமாக உட்கார்ந்திருக்கும், சில வகைகள் வளையின் வாயை மண்ணாலும் நூலாலும் அடைத்துக்கொள்ளும். இதையெல்லாம் பார்த்துவிட்டு 'ஐயோ, பிள்ளை சாப்பிடமாட்டேன் என்கிறதே' என்று இன்னொரு கிரிக்கெட்டைப் போடுகிறவர்கள்தான் அதிகம். நேற்றுப் போட்டதும் தின்னப்படாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருக்கும்.

பிறகு ஒரு ராத்திரி சிலந்தி மல்லாந்து படுக்கும். பழைய ஓடு பிளந்து, உள்ளேயிருந்து ஒவ்வொரு காலாக உருவிக்கொண்டு வெளியே வர மணிக்கணக்காகும். அப்போது அதன் உடம்பு அவித்து உரித்த முட்டையைப் போல மெத்தென்று இருக்கும். நச்சுப்பற்கள் வெள்ளைவெளேர் என்று, கடிக்கச் சக்தியற்று இருக்கும். பசியோடு அலையும் கிரிக்கெட் அந்த நேரத்தில் சும்மா இருக்காது. கொறிக்க ஆரம்பிக்கும். கால் இணைப்பிலோ வயிற்றிலோ சின்ன ஓட்டை விழுந்தால் போதும், ரத்தத்துக்குச் சமமான அந்தத் திரவம் கசிந்துவிடும். டரான்டுலா காலை நீட்டி நடப்பதே அந்தத் திரவத்தின் அழுத்தத்தால்தான். அது போனால் எல்லாம் போயிற்று. கோவையில் ஒரு வீட்டில், வார விடுமுறைக்கு ஊருக்குப் போகிறோமே, நடுவில் பசித்தால் சாப்பிடட்டும் என்று மூன்று கிரிக்கெட்டை விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். திரும்பி வந்தபோது உரித்த சட்டை ஒரு பக்கம், பாதி கொறிக்கப்பட்ட சிலந்தி ஒரு பக்கம். கிரிக்கெட் மூன்றும் நலமாக இருந்தன.

போட்ட தீனியை 24 மணி நேரத்துக்குள் தின்னவில்லையா? வெளியே எடுங்கள். மறுபேச்சே வேண்டாம்.

மல்லாந்து கிடக்கும் சிலந்தியைச் செத்துவிட்டது என்று குப்பையில் போட்டவர்கள் உண்டு. கேட்கவே வயிறு எரிகிறது. மல்லாந்து கிடந்தால் அது சட்டை உரிக்கிறது என்று அர்த்தம். தொடாதீர்கள், ஊதாதீர்கள், திருப்பிப் போடாதீர்கள். சாகப்போகும் சிலந்தி பெரும்பாலும் கவிழ்ந்தபடிதான் கால்களைத் தனக்கடியில் சுருட்டிக்கொள்ளும்.

உரித்து முடித்த கையோடு விருந்து வைக்கவும் கூடாது. நச்சுப்பல் வெள்ளையிலிருந்து சிவப்பாகி, சிவப்பிலிருந்து கன்னங்கரேல் என்று மாறும்வரை காத்திருங்கள். குட்டிக்குச் சுமார் ஒரு வாரம், பெரியதற்கு இரண்டு வாரமோ அதற்கு மேலுமோ ஆகும். அதற்குள் இரையைக் கடிக்கப்போனால் பல் வளைந்துவிடும், இல்லை ஒடிந்துவிடும். இடுக்கியாலே ஊட்டிவிடுகிறேன் என்று இரும்பு இடுக்கியை முகத்துக்கு நேரே நீட்டுகிறவர்களே, அந்த வேகத்தில் அது கடிப்பது இரும்பைத்தான். மூங்கில் இடுக்கியோ, நுனியில் ரப்பர் போட்டதோ வாங்கிக்கொள்ளுங்கள். கையால் மட்டும் கொடுக்காதீர்கள். எது அசைந்தாலும் இரை என்று பாயும் நேரம் அது. டரான்டுலா கடித்து மனிதர் செத்ததில்லை என்பது ஆறுதல்தான், ஆனால் நம் தேசத்து மரச்சிலந்தி வகைகள் கடித்தால் நாள்கணக்கில் தசை இழுத்துப்பிடித்து வலி உயிரை எடுக்கும்.

அளவு விஷயம் ஒரே வரிதான். இரை, சிலந்தியின் வயிற்றுப் பகுதியைவிடப் பெரிதாக இருக்கக் கூடாது. சந்தேகமாக இருந்தால் சின்னதைப் போடுங்கள். நகம் அளவுக் குட்டிக்கு உயிருள்ள பூச்சியே வேண்டாம். மீல்வார்மை நறுக்கி ஒரு துண்டு, அல்லது கிரிக்கெட்டின் கால் ஒன்று வைத்தால் தானே வந்து சாப்பிடும். வாரம் இரண்டு தடவை போதும். வளர்ந்ததற்கு வாரம் ஒன்று, அல்லது பத்துப் பதினைந்து நாளுக்கு ஒன்று.

'அவ்வளவுதானா? பட்டினி போடுவதா?' என்று மனசு கேட்காது, தெரியும். நம் ஊரில் வந்தவர்களை எல்லாம் இன்னும் கொஞ்சம் சாப்பிடு என்று உபசரித்தே பழக்கம். ஆனால் டரான்டுலா விஷயத்தில் அந்த உபசாரம் ஆபத்து. ஆரோக்கியமான பெரிய சிலந்தி மாதக்கணக்கில் சாப்பிடாமல் இருக்கும், ஒன்றும் ஆகாது. ஆனால் தின்று தின்று வயிறு பந்தாக ஊதிப்போன சிலந்தி கண்ணாடிச் சுவரில் ஏறி அங்கிருந்து கீழே விழுந்தால்? வயிறு வெடித்துவிடும். தரையில் வாழும் வகைக்கு மண்ணுக்கும் மூடிக்கும் நடுவே உயரத்தைக் குறைத்து வையுங்கள். அதன் கால் விரிப்பைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல் வேண்டாம்.

கோழிக்கறித் துண்டு, இறால், எலிக்குட்டி? கூடவே கூடாது. டரான்டுலா மென்று விழுங்குவதில்லை. செரிமான நீரை இரைக்குள் செலுத்தி, கரைத்து, உறிஞ்சிக் குடிக்கிறது. எலிக்குட்டியை அப்படி உறிஞ்சி முடிப்பதற்குள் நம் வெயிலுக்கு அது அழுகிவிடும். ஈ மொய்க்கும், உண்ணிப் பூச்சி பெருகும். எலியைத் தின்பதை வீடியோ எடுத்துப் போட்டுக் கைதட்டு வாங்கலாம், அதைத் தவிர அந்தத் தீனியால் சிலந்திக்கு ஒரு லாபமும் இல்லை. மீன் கடையில் விற்கும் காய்ந்த புழுவிலோ உறிஞ்ச ஈரமே இருக்காது. கிரிக்கெட்டைத் தின்று முடித்த பிறகு சக்கையை ஓர் உருண்டையாகத் துப்பி வைக்கும். அதை அன்றன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

இனி, இந்த அறிகுறிகளில் எதையாவது பார்த்தால் அசட்டையாக இருக்காதீர்கள்:

கால்கள் வெட்டி வெட்டி இழுக்கின்றனவா, குடித்தவன்போலத் தள்ளாடுகிறதா? விஷமாக இருக்கலாம். மிச்சத் தீனி முழுவதையும் தூக்கி எறியுங்கள், அதே டப்பாவிலிருந்து இன்னொரு பூச்சிகூட வேண்டாம். புது நார்த்தூள் போட்ட சுத்தமான டப்பாவுக்கு மாற்றி, சுத்தத் தண்ணீர் வைத்து, காற்றோட்டமான இருட்டில் விட்டுவிடுங்கள். இதற்கு மாற்று மருந்து கிடையாது. சில சமயம் தானாகத் தேறும்.

கால்கள் சுருளத் தொடங்கி, வயிறு சுருங்கியிருக்கிறதா? தண்ணீர் இல்லாமல் வாடுகிறது. தட்டையான கிண்ணத்தில் தண்ணீர் எப்போதும் இருக்கட்டும். அதில் பஞ்சு, ஸ்பாஞ்சு போடாதீர்கள், கிருமி சேரும்.

நுனிக்கால் வைத்து நடக்கிறதா? தீனியைத் தொட மறுத்து, வாயைச் சுற்றி வெள்ளையாகப் பசை மாதிரி தெரிகிறதா? இதுதான் ரொம்ப பயங்கரம். கண்ணுக்கே தெரியாத நூற்புழுக்கள் வாய்ப்பகுதியில் பெருகியிருக்கலாம். கலிஃபோர்னியாவில் செத்த வளர்ப்பு டரான்டுலாக்களில் கண்டெடுத்த இப்படியொரு புழுவுக்கு 2022-ல் பெயர் சூட்டினார்கள். 1990-ல் வந்த சிலந்தித் திகில்படம் 'அரக்னோபோபியா'வின் கதாநாயகன் ஜெஃப் டேனியல்ஸ் பெயர்! 'டாரன்டோபீலஸ் ஜெஃப்டேனியல்சி'. பெயர் வேடிக்கையாக இருக்கலாம், புழு வேடிக்கை இல்லை. நச்சுப்பல்லை அசைக்கவிடாமல் பண்ணி, சிலந்தியைப் பட்டினியிலேயே கொன்றுவிடும். அந்தப் பெட்டியை மற்றப் பெட்டிகளிலிருந்து உடனே பிரித்துவையுங்கள். இடுக்கி, கிண்ணம் எதையும் பொதுவில் பயன்படுத்தாதீர்கள்.

இதையெல்லாம் யாரிடம் காட்டிக் கேட்பது என்பதுதான் பலருடைய சிக்கல். காரணம், சிலந்தி வந்த வழி. 2021 ஜூலையில் போலந்திலிருந்து அருப்புக்கோட்டை முகவரிக்கு வந்த ஒரு தபால் பார்சலைச் சென்னைச் சுங்கத்துறை பிரித்தபோது, 107 குட்டிக் குப்பிகளில் உயிரோடு சிலந்திகள் இருந்தன. எல்லாவற்றையும் திருப்பி அனுப்பினார்கள். சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் உள்ள வகைகளை வைத்திருப்பவர்கள் மத்திய அரசின் 'பரிவேஷ்' இணையதளத்தில் பதிய வேண்டும் என்று 2024-ல் விதியே வந்துவிட்டது. கள்ளத்தனமாக வாங்கிவிட்டு, உடம்பு சரியில்லாதபோது கால்நடை மருத்துவரிடம் போகவும் பயந்து ஒளித்துவைத்தால் துன்பப்படுவது அந்த வாயில்லா ஜீவன். காட்டில் பிடித்து வருவது இன்னும் மோசம். ஆந்திரத்தின் 'கூட்டி' என்னும் நீல நிறச் சிலந்தி ஏற்கெனவே அழிவின் விளிம்பில் நிற்கிறது.

தீபாவளிக்கோ பொங்கலுக்கோ ஊருக்குப் போகிறீர்களா? வீட்டில் இருப்பவர்கள் அன்பு மிகுதியில் எதையாவது செய்துவிடுவார்கள். ஒரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதிப் பெட்டி மேல் ஒட்டிவிட்டுப் போங்கள்: 'இந்த அறையில் மருந்து அடிக்காதீர்கள். கொசு லிக்விட் போடாதீர்கள். மல்லாந்து கிடந்தால் தொடாதீர்கள். தீனி எதுவும் வேண்டாம், நான் வந்து போட்டுக்கொள்கிறேன். கிண்ணத்தில் தண்ணீர் குறைந்தால் மட்டும் ஊற்றுங்கள். மூடியைச் சரியாகப் பூட்டுங்கள்.'